குப்பைக்குக் காணி கிடைக்கும்

ஊவாவில் காணி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காணி இருக்கிறது. யார் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அது தோன்றும், மறையும். நாலு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பம் ஏழு பேர்ச்சஸ் கேட்டால், கம்பனியிடம் போ என்பார்கள். கம்பனியிடம் போனால், நாங்கள் குத்தகைக்காரர்தான், காணி அரசாங்கத்துடையது என்பார்கள். அரசாங்கத்திடம் போனால், குத்தகைக்கு விட்ட காணியில் எப்படிக் கை வைப்பது என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் ஒப்படைத்த நாளிலிருந்து இந்த அலைச்சல்.

அதே தோட்டத்தில் நகரத்துக் குப்பை இடம் கேட்கட்டும். அரசாங்கம், கம்பனி, உள்ளூராட்சி சபை மூன்றும் ஒரே மேசையில் உட்காரும். ஒருவருக்கொருவர் தேநீர் நீட்டுவார்கள். மனிதனுக்கு முப்பது வருடமாகக் கிடைக்காத கையெழுத்து மத்தியானத்துக்குள் விழும்.

கூட்டம் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மலையக நகரம் எதுவானாலும் கூட்டம் ஒன்றுதான். சுவரில் வரைபடம். பழைய குப்பைமேடு நிரம்பிவிட்டதாக ஓர் அதிகாரி எழுந்து அறிவிப்பார். அது நிரம்பி வருடக்கணக்காகிறது என்பது வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும். அடுத்தது இடம் தேடும் படலம். விகாரைப் பக்கம் கூடாது, புனிதம் கெடும். பெரிய பாடசாலைப் பக்கம் கூடாது, பெற்றோர் ஊர்வலம் போவார்கள். எல்ல பக்கம் கூடவே கூடாது. ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் பிடிக்கும் வெள்ளைக்காரர் மூக்கைப் பொத்தினால் டொலர் போய்விடும். அரசியல்வாதியின் ஊர்ப் பக்கம் நீட்ட அங்கே யாருக்கும் விரலே கிடையாது. கடைசியில் எல்லார் கண்ணும் வரைபடத்தில் பச்சையாகக் கிடக்கும் பகுதியில் போய் நிற்கும். "இது சும்மா கிடக்கிற காணிதானே?"

சும்மா கிடக்கிறது. அதில் லயங்கள் இருக்கின்றன. ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிள்ளைக்காம்பிரா இருக்கிறது. மேட்டில் ஒரு பீலி இருக்கிறது. கீழ்லயத்தில் உலை வைப்பது அந்தத் தண்ணீரில்தான். வரைபடக்காரர் பச்சை தீட்டியபோது இத்தனையும் அடியில் போய்விட்டன.

தீர்மானம் நிறைவேறியதும் சோற்றுப் பார்சல் வரும். லஞ்ச் ஷீட்டில் சுற்றித்தான். 2017 செப்டெம்பர் முதலாம் திகதி லஞ்ச் ஷீட் தடைசெய்யப்பட்டது. 2021இல் மறுபடியும் தடைசெய்யப்பட்டது. ஒரே பொருளை இரண்டு தடவை தடைசெய்த பெருமை நமக்கு உண்டு. தடையும் அமுலில் இருந்தது, லஞ்ச் ஷீட்டும் விற்பனையில் இருந்தது. ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை. குப்பை பற்றிய கூட்டம் கலையும்போது மண்டபத்தின் பின்பக்கம் ஒரு குட்டிக் குப்பைமேடு எழுந்திருக்கும். அதை எங்கே மாற்றுவது என்று அடுத்த கூட்டத்தில் பேசுவார்கள்.

சட்டத்தையும் பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். அதில் 33ஆவது பிரிவு. சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க வழியில்லாமல் முட்டுக்கட்டை போட்டது அந்தப் பிரிவுதான். தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்குப் போடலாம். உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். தேர்தல் காலத்தில் மாலை போடலாம், போட்டோவில் நிற்கலாம். ஆனால் லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு கூடை கல் கொட்டச் சபையிடம் கேட்டால், அது தோட்டம், துரையிடம் கேள் என்று பதில் வரும். லயத்துக் கானை வெட்டக் கேட்டாலும் அதே பதில். குப்பை அள்ள உழவு இயந்திரம் அனுப்பச் சொன்னாலும் அதே பதில். 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். முப்பது வருடம்! அந்த முப்பது வருடமும் லயத்துக் குப்பையை அள்ளப் போகும் வண்டிக்கு மட்டும் 33ஆவது பிரிவு குறுக்கே நின்றது. நகரத்துக் குப்பையோடு தோட்டப் பக்கம் ஏறுகிற லொறிக்கு எந்தப் பிரிவும் குறுக்கே நின்றதாகத் தெரியவில்லை. அள்ளுவதென்றால் தோட்டம் எல்லைக்கு வெளியே. கொட்டுவதென்றால் உள்ளே. எவ்வளவு நெகிழ்வான எல்லை!

இப்போது திருத்தியாயிற்றே என்பீர்கள். ஆமாம். சட்டம் திருந்திவிட்டது. உழவு இயந்திரத்துக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

இந்த வித்தையெல்லாம் பதுளையில் பிறந்ததல்ல. தலைநகரில் படித்தது. கொழும்பின் குப்பை முதலில் புளூமெண்டாலில் மலையாக நின்றது. உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2009இல் குப்பையை மீதொட்டமுல்லவுக்கு மாற்றினார்கள். இரண்டு ஏக்கர் போதும் என்றார்கள். கொஞ்ச காலத்துக்குத்தான் என்றார்கள். இரண்டு ஏக்கர் இருபதைத் தொட்டது. கொஞ்ச காலம் எட்டு வருடமாயிற்று. அந்த எட்டு வருடமும் அங்கே குடியிருந்தவர்கள் தெருவில் இறங்கிக் கத்தினார்கள். பொலிஸ் வந்தது. குழு வந்தது. அறிக்கை வந்தது. குப்பை லொறியும் தவறாமல் வந்தது.

2017 ஏப்ரல் 14. சித்திரைப் புத்தாண்டு. பலகாரத் தட்டு மேசையில் இருந்த நேரத்தில் மேடு சரிந்து வீடுகள் மீது விழுந்தது. 32 பேர் செத்தார்கள். இயற்கை அனர்த்தமாம்! குப்பை தானாக முளைத்ததா, மழையில் விழுந்ததா? லொறி லொறியாகக் கொட்டியது இயற்கையா?

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. அதே மாதம் வர்த்தமானி அடித்தது. குப்பை அகற்றுவது அத்தியாவசிய சேவை, அதைத் தடுப்பவர் குற்றவாளி. பிணங்களைத் தோண்டி முடிவதற்குள், அடுத்த ஊரில் குப்பை கொட்டும்போது எதிர்த்து நிற்பவனைப் பிடித்து அடைக்கச் சட்டம் தயார். எட்டு வருடம் தூங்கிய நிர்வாகத்துக்குப் பத்து நாளில் விழிப்பு வந்தது. வந்த விழிப்பும் யார் பக்கம் திரும்பியது பாருங்கள்.

பிறகு அருவக்காலு. புத்தளம் மாவட்டம், வில்பத்துக் காட்டுக்குப் பக்கம், சுண்ணக்கல் தோண்டி முடித்த குழிகள். களனியிலிருந்து 170 கிலோமீற்றர் தூரம் ரயிலில் குப்பையை அனுப்புவதாகத் திட்டம். பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகிற மனிதனுக்கு உட்கார இடமில்லை. கொழும்புக் குப்பைக்குத் தனி ரயில். புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் வீதியில் உட்கார்ந்து பார்த்தார்கள். கேட்பாரில்லை. 2019 ஆகஸ்டில் ரயிலுக்கும் காத்திராமல் லொறிகளில் குப்பை போய் இறங்கியது. ஒக்டோபரில் அங்கே வாயு வெடித்தது. நவீன முறை, விஞ்ஞான முறை, எந்த ஆபத்தும் இல்லை என்று சொன்ன வாய்கள் அன்று ஒரு நாள் மட்டும் மூடியிருந்தன.

கொழும்பு சமதரை. ஊவா சரிவு. இங்கே குப்பை கொட்டிய இடத்தில் நிற்காது. மாரி மழை மூன்று நாள் விடாமல் பெய்தால், அழுகிய நீர் கான் வழியே இறங்கும், பீலியில் கலக்கும், ஓடையில் சேரும், கடைசியில் பதுளு ஓயாவுக்குப் போகும். பதுளு ஓயாதான் துன்ஹிந்தவில் அறுபது மீற்றருக்கு மேலான உயரத்திலிருந்து வெள்ளையாக விழுகிறது. டிக்கெட் எடுத்து, படியிறங்கி, அந்தச் சாரலை முகத்தில் வாங்கிச் சிலிர்க்கிறோம். மேலே இருக்கிற ஊர்கள் எல்லாம் என்னென்ன கழுவி அனுப்பின என்று யோசித்தால் சிலிர்ப்பு வேறு மாதிரி வரும். வெயில் காலத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது கதை மாறும். பத்தனைப் புல்லே பற்றி எரிகிற காற்று அது. குப்பைமேட்டில் ஒரு பொறி விழுந்தால் நாட்கணக்கில் உள்ளுக்குள் புகையும். லயத்துக் கூரைக்குக் கீழே அந்தப் புகையோடுதான் குழந்தை தூங்கும்.

மலையில் எந்தச் சரிவு நிற்கும், எந்தச் சரிவு நகரும் என்று சொல்ல இந்த நாட்டில் ஆள் இல்லாமல் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைப் போட்டு வைத்திருக்கிறது. யார் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

மீரியபெத்தைத் தோட்டத்தைப் பற்றி 2005இல் எச்சரித்தார்கள். 2011இல் மறுபடியும் எச்சரித்தார்கள். இது சரியும், ஆட்களை அகற்றுங்கள். அகற்றி எங்கே வைப்பது? காணி இல்லை. கடிதம் கோப்புக்குள் போயிற்று, கோப்பு அலுமாரிக்குள் போயிற்று. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி வந்தது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. பலரைத் தோண்டி எடுக்கக்கூட முடியவில்லை. அந்த இடமே அவர்களுக்குப் புதைகுழி. "எச்சரித்தோமே, அவர்கள் போகவில்லையே" என்று அதிகார வாய்கள் செத்தவர் மீதே பழி போட்டன. போவதற்கு ஓர் இடம் காட்டினீர்களா? எஞ்சியவர்கள் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலைக்குள் தங்க வைக்கப்பட்டார்கள். இரண்டு வருடம். 2016 ஒக்டோபரில்தான் 75 வீடுகள் கைக்கு வந்தன. ஏழு பேர்ச்சஸ் காணி கிடைக்க, முதலில் மலை விழ வேண்டியிருந்தது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டம் கண்டம் கண்டமாகச் சரிந்தது. மறுபடியும் அதே வாய்கள், அதே பதில். ஆட்களை எங்கே வைப்பது? காணி இல்லையே.

மனிதனை ஆபத்திலிருந்து அகற்றக் காணி இல்லை. நகரத்தை நாற்றத்திலிருந்து அகற்றக் காணி உண்டு. இதற்கு மேல் இந்த நிர்வாகத்தைப் பற்றி விளக்கம் எதற்கு?

குப்பை எங்காவது போய்த்தானே ஆக வேண்டும் என்று நியாயம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நியாயம்தான். வீட்டுக்கு வீடு குப்பை இருக்கிறது, உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும். ஆனால் அந்த வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள். பாதிக்கு மேல் மரக்கறித் தோலும் மிச்சச் சோறும் மாட்டுக்குப் போடாத தண்டும். அழுக வைத்தால் பசளை. 2008இல் பிலிசரு என்று ஒரு திட்டம் வந்தது. ஊர் ஊராகப் பசளைக் கூடங்கள் கட்டினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். கூடம் கட்டப் பணம் உண்டு. வீட்டில் குப்பையைப் பிரித்து வாங்க ஆள் இல்லை, பிரித்த குப்பையைத் தனித்தனியாக ஏற்ற வண்டி இல்லை. நீங்கள் பிரித்து வைத்ததை உங்கள் கண் முன்னாலேயே ஒரே பெட்டியில் கொட்டிக் கலந்து கொண்டு போவார்கள். குற்றம் அந்த வண்டியில் நிற்கிற தொழிலாளியுடையதல்ல. கையுறை இல்லாமல் கண்ணாடித் துண்டுக்குள் கை விடுகிற அவனும் நம்மவன்தான். நகரங்களைச் சுத்தம் செய்யவென்று இந்தியாவிலிருந்து கூட்டி வரப்பட்டு, சபையின் லயத்தில் முடக்கப்பட்டவர்களின் பேரன். அவனை எந்தக் கூட்டத்துக்கும் அழைப்பதில்லை. குப்பையைப் பற்றி உண்மையில் தெரிந்தவனை அழைத்தால் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும்.

பசளை என்றதும் ஒரு கப்பல் ஞாபகம் வருகிறது. 2021 ஏப்ரலில் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். நாடு முழுக்க இயற்கை விவசாயமாம். தேயிலைச் செடி வெளிறியது. கொழுந்து குறைந்தது. கொழுந்து குறைந்தால் யாருடைய நாள் சம்பளம் குறையும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரி, இயற்கைப் பசளை எங்கே? சீனாவிலிருந்து வருகிறது என்றார்கள். ஹிப்போ ஸ்பிரிட் என்று ஒரு கப்பல், 20,000 தொன் சரக்கு. மாதிரியைப் பரிசோதித்தால் கெட்ட பக்டீரியா. இறக்காதே என்றார்கள். கப்பல் கடலில் சுற்றியது. கடைசியில், இறக்காத பசளைக்கு 67 இலட்சம் டொலர் கட்டி விவகாரத்தை முடித்தார்கள். 2022 ஜனவரி. பால்மாவுக்கும் காஸுக்கும் டொலர் இல்லாமல் சனம் வரிசையில் நின்ற காலம்.

ஒவ்வொரு நகரத்திலும் பசளை ஆகக்கூடிய குப்பை மலையாக அழுகிக் கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை பசளைக்கு ஏங்கி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே தூரம் மூன்று மைல். அதைக் கடக்கத் தெரியாத நாடு சீனாவிடம் கப்பல் அனுப்பச் சொன்னது.

குப்பையைத் திருப்பி அனுப்ப முடியும் என்பதும் நமக்குத் தெரியும். பிரித்தானியாவிலிருந்து பழைய மெத்தை என்ற பெயரில் வந்த கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தில் நாறின. மருத்துவக் கழிவும் இருந்ததாகச் சொன்னார்கள். மொத்தம் 263. வழக்குப் போட்டார்கள், மேன்முறையீட்டு நீதிமன்றம் கட்டளையிட்டது. 2022 பெப்ரவரியில் கடைசிக் கொள்கலனும் கப்பலேறியது. ஆக, லண்டன் குப்பைக்குச் சொந்த ஊர் உண்டு. அதைக் கொட்டியவன் திரும்ப எடுத்தாக வேண்டும். நகரத்துக் குப்பை லயத்துக்கு மேலே கொட்டப்பட்டால், அதற்குச் சொந்த ஊர் லயம்தான்.

அம்பாறை பள்ளக்காட்டில் யானைகள் குப்பைமேட்டில் மேய்ந்து, பொலித்தீன் தின்று செத்தன. எட்டு வருடத்தில் இருபது அளவில். யானையின் வயிற்றிலிருந்து எடுத்த பொலித்தீன் படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. சுற்றி அகழி வெட்டுவதாக உடனே வாக்குறுதி கிடைத்தது. யானைக்கு அகழியாவது வாக்குக் கொடுத்தார்கள்.

குப்பையை எங்கே கொட்டுவார்கள் என்பது தெரிந்துவிட்டது. அங்கிருந்து எப்போது மாற்றுவார்கள்?

தேர்தல் வரட்டும் என்பார்கள். ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். ஐந்து வருட ஆயுள் 2019இல் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர்கள் மாறினார்கள், சபை பிறக்கவில்லை. உள்ளூராட்சி சபைகள் 2023 மார்ச்சில் கலைந்தன. தேர்தல் நடத்தக் காசு இல்லை என்றார்கள். இரண்டு வருடம் அதிகாரிகள் ஆண்டார்கள். குப்பைமேட்டை மாற்றுங்கள் என்று கேட்டால், கொள்கைத் தீர்மானம் எடுக்க எங்களுக்கு அதிகாரமில்லை, சபை வரட்டும் என்றார்கள். 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து சபை வந்தது. இப்போது கேட்டால், முந்தியவர்கள் பணத்தைக் காலி செய்துவிட்டார்கள், அடுத்த வரவு செலவுத் திட்டம் வரட்டும் என்கிறார்கள். அது வந்ததும் மழை ஓயட்டும் என்பார்கள். மழை ஓய்ந்ததும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அறிக்கை வரட்டும் என்பார்கள். இதற்கிடையில் 2025 ஜனவரி முதலாம் திகதி கிளீன் ஸ்ரீலங்கா தொடங்கியாயிற்று. கடற்கரைகளில் பெரிய மனிதர்கள் புதுத் தும்புத்தடியோடு நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். லயத்துக் கானுக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்தால் வெளிச்சம் சரியாக விழாது போலிருக்கிறது.

ஆக, மாற்றும் நாள் எப்போது வரும் என்று மீதொட்டமுல்ல ஏற்கனவே சொல்லிவிட்டது. செத்தவர் எண்ணிக்கை பத்திரிகையின் முதல் பக்கத்துக்குப் போதுமான அன்று வரும். அதுவரை குழு.

ஆகவே, ஐயா, அம்மா, ஒரு வேலை செய்யுங்கள். ஊர்வலம் பிறகு போகலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கும் உரியது. உங்கள் தோட்டத்துக்கு மேலே குப்பை வரப்போகிறது என்று காதில் விழுந்த அன்றே சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். அந்தச் சரிவைப் பற்றிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எங்கே? கழிவு நீர் எந்த ஓடைக்குப் போகும்? எத்தனையாம் ஆண்டு எத்தனையாம் திகதி மூடுவீர்கள்? தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார், அவர்கள் வீடு அங்கிருந்து எத்தனை மைல்? 14 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுங்கள். பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பித் தமிழில் கேளுங்கள். பிரதி ஒன்றைப் பத்திரிகைக்கும் அனுப்பி வையுங்கள்.